ஆனந்தராஜா பந்தில் காற்றை இறக்கவில்லை

நியூஜெர்சி ஹாரியர்ஸ் அணியின் உடை மாற்றும் கூடத்தில் போய் ஆனந்தராஜாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. ஆண்டி என்று கேட்டால் நாலு பேர் ஒரே சமயத்தில் கை காட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளர் டானலி 'ஆனந்' என்று தொடங்கிப் பாதியில் தடுமாறி, சிரித்து, 'ஆண்டி' என்று முடித்துவைத்தார். அது ஒட்டிக்கொண்டது. ஆனந்தராஜாவுக்கும் அதில் வருத்தம் கிடையாது. ஊரில், இளவாலை மாதா கோவிலில் வைத்த பெயர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, வேலைக்கு ஒரு பெயர் தனியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மனைவி மேர்சி நர்ஸ். அவள்தான் முதலில் அமெரிக்காவுக்கு வந்தாள். பிறகு இவரை எடுப்பித்தாள். வந்த புதிதில் பெட்ரோல் பங்க், அதன்பின் ஒரு கிடங்கு, அதன்பின் ஸ்டேடியத்துச் சலவை அறை. ஆட்டக்காரர்களின் சேறும் இரத்தமும் படிந்த உடுப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தவரை டானலி ஒருநாள் மேலே கூப்பிட்டு உபகரண அறையில் போட்டார். ஹெல்மெட், தோள் கவசம், கையுறை, பந்து எல்லாம் அவர் பார்வைக்கு வந்தன. பிறகு அந்த இடத்தைவிட்டு அவர் அசையவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையால் எறிவார்கள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், ஓடுகிறவனை மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். பந்து இரண்டு முனையும் கூராக, தோலால் செய்தது. அதில் இவ்வளவுக்கு இவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று விதி உண்டு. காற்று சற்றுக் குறைந்தால் பந்து மெத்தென்று கைக்கு அடங்கும். மழையிலும் குளிரிலும் வழுக்காது. ஒவ்வோர் அணியும் தனக்கான பந்துகளைத் தானே கொண்டுவரும். ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் அவற்றை அளந்து பார்த்துச் சரி என்று விட்டபின், ஒருவர் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போக வேண்டும். ஹாரியர்ஸுக்கு அந்த ஒருவர் ஆனந்தராஜா.

வாரம் முழுவதும் செய்கிற வேலைக்கு அவருக்குக் கிடைத்த கூலி அந்த நடைதான் என்று சொல்லலாம். சுரங்கம்போன்ற பாதை. அதன் வாயில் வெளிச்சம். வெளியே காலெடுத்து வைத்ததும் எண்பதாயிரம் பேரின் இரைச்சல் உடம்பில் வந்து மோதும். அவர்கள் யாரும் அவரைப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரைச்சலுக்குள் நடந்து போகிறபோது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

ஐம்பத்தைந்து வயதில் அவருக்குச் சீனி வருத்தம் முற்றி, இன்சுலின் ஊசிக்கு வந்தது. ஊசி போடுகிறவர்களுக்குச் சில வேளை இரத்தத்தில் சீனி கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும். ஏதாவது இனிப்பாகக் குடித்துவிட்டுச் சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும். அவருக்கு அப்படி அடிக்கடி வந்தது.

"வேலையிலை சொல்லி வையுங்கோ அப்பா. நாளைக்கு விழுந்து கிடந்தால் அவைக்கு என்னெண்டு தெரியும்?" என்று மேர்சி பல தடவை சொன்னாள்.

"சொல்லுறன், சொல்லுறன்" என்றார். சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவன் மைதான ஓரத்தில் மயங்கி விழுந்ததும், உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி அவனைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நடையைக் கிடங்குக்குப் பண்டமாற்றுச் செய்ய ஆனந்தராஜாவால் முடியவில்லை. டாக்டர் கேட்டபோதுகூட, அப்படி ஒன்றும் வருவதில்லை என்றே சொல்லிவந்தார்.

ஜனவரியில் அந்த ஆட்டம் வந்தது. ஒமாஹா பைசன்ஸ் அணியோடு அரையிறுதி. விறைக்கிற குளிர், அதோடு பனியும் மழையும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. நடுவர்கள் பந்துகளை அளந்து கொடுத்துவிட்டார்கள். பையோடு கூடவே வரவேண்டிய அதிகாரி யாரோ கூப்பிட்டார்கள் என்று முன்னால் போய்விட்டார். ஆனந்தராஜா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். பாதி வழியில் உள்ளங்கை ஈரமாயிற்று. முழங்கால் தொய்ந்தது. பழக்கமான அடையாளம். எதிரில் சலவை அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஜாக்கெட் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஆப்பிள் ஜூஸ் டப்பாவை உறிஞ்சிக் குடித்தார். பந்துப் பை காலடியில் கிடந்தது. நடுக்கம் நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது.

ஹாரியர்ஸ் வென்றார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவே, ஹாரியர்ஸ் எறிந்த பந்தொன்றைப் பிடித்த ஒமாஹா ஆட்டக்காரன் அதை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தன் பயிற்சியாளரிடம் கொண்டுபோனான். இடைவேளையில் எல்லாப் பந்துகளையும் அளந்தார்கள். ஹாரியர்ஸின் பந்துகளில் முக்கால்வாசிக்கு மேல் காற்றுக் குறைவாக இருந்தது.

மறுநாள் காலை மேர்சி வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது டி.வி.யில் கண்காணிப்புக் கேமராப் படம் ஓடியது. தோளில் பையோடு ஒரு மனிதர் வருகிறார், நிற்கிறார், இடமும் வலமும் பார்க்கிறார், ஓர் அறைக்குள் நுழைகிறார், கதவு மூடுகிறது. படம் அதோடு நின்று மறுபடியும் முதலிலிருந்து ஓடியது.

"இது நீங்களெல்லே?" என்றாள் மேர்சி.

"ஓம்."

"உதுக்குள்ளை ஏன் போனனீங்கள்?"

"சீனி இறங்கிப் போச்சு. ஜூஸ் குடிக்கப் போனனான்."

அவள் உடனே நம்பினாள். அன்றைக்கு நம்பினாள்.

விசாரணைக்கு, இந்த ஆட்டங்களை நடத்தும் லீக் ஒரு வக்கீல் நிறுவனத்தை அமர்த்தியது. ஜெர்சி சிட்டியில், நியூபோர்ட் பக்கத்தில், ஆற்றைப் பார்த்த உயரமான கட்டடம். கண்ணாடிக்கு அப்பால் மன்ஹாட்டன் மங்கலாக நின்றது. இரண்டு வக்கீல்கள், ஓர் ஒலிப்பதிவுக் கருவி. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், காப்பி வேண்டுமா என்று கேட்டார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.

ஆனந்தராஜா இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் விசாரணை என்று உட்கார்ந்திருக்கிறார். இளந்தாரியாகக் கொழும்பில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தபோது தமிழர்களைத் தேடிய பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி, விளக்கமாகச் சொன்னார். சொன்ன ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த அடி விழுந்தது. வெளியே வந்தபோது ஒரு பாடத்தோடு வந்தார். அதிகாரம் உள்ளவன் கேட்டால் சின்னதாக, ஒருவருக்கும் உபத்திரவம் இல்லாததாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அப்போது யோசித்துச் சொல்வதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும்.

"அந்த அறைக்குள் ஏன் போனீர்கள்?" என்று வக்கீல் கேட்டார்.

"துவாய் எடுக்கப் போனேன்" என்றார்.

"வெளியே வரும்போது உங்கள் கையில் துவாய் இல்லையே?"

"அங்கே இல்லை."

சலவை அறையில் துவாய் இல்லை என்கிறார் என்று வக்கீல் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மேர்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். "என்ன விசர் வேலை பாத்தனீங்கள்? உள்ளதைச் சொல்லுறதுக்கு என்ன?"

"சீனி இறங்கிறது எண்டால் கிடங்குக்கு மாத்திப்போடுவினம் எண்டு நினைச்சிட்டன்."

"நாளைக்கே போய் மாத்திச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னார். வக்கீல்கள் அப்போதும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். முதலில் ஏன் வேறு சொன்னீர்கள்? இந்த மயக்கம் பற்றி அணிக்குத் தெரியுமா? தெரியாது. உங்கள் டாக்டருக்கு? அவருக்கும் தெரியாது. அப்படி எதுவும் வருவதில்லை என்று நீங்களே டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா? ஆமாம். உங்கள் மனைவியைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. வக்கீல் தலையை ஆட்டினார். உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பொய்யாக மாறிக்கொண்டு வருவதை ஆனந்தராஜா தன் காதாலேயே கேட்டார்.

அவருடைய அலமாரியில் இருந்த இன்சுலின் ஊசிகளைப் பற்றிய செய்தி எப்படியோ வெளியே போயிற்று. 'பந்துக்காரனின் அலமாரியில் ஊசிகள்' என்று மட்டும் முதலில் வந்தது. என்ன ஊசி என்பது இரண்டு நாள் கழித்து, கீழே, சின்ன எழுத்தில் வந்தது. அதற்குள் அவருக்கு நாடு முழுக்க ஒரு பெயர் கிடைத்துவிட்டது: ஊசி ஆண்டி.

அதற்குப் பிறகு நடந்ததை விவாதம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இன்சுலின் ஊசியால் பந்தின் காற்றை இறக்க முடியுமா என்று டி.வி.யில் கோட்டுச் சூட்டுப் போட்டவர்கள் மேஜையில் பந்தை வைத்துக் குத்திக் காட்டினார்கள். பே ஏரியாவில் ஓர் இன்ஜினியர் தன் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் பந்தை வைத்து வீடியோ எடுத்துப் போட்டான். குளிரில் காற்று தானாகச் சுருங்கும், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றான். ஒரு பேராசிரியர் அதை ஆமோதித்தார். இன்னொரு பேராசிரியர், அப்படியென்றால் ஒமாஹாவின் பந்துகள் ஏன் அவ்வளவு சுருங்கவில்லை என்று கேட்டார். அவை அறைக்குள் சூடேறிய பிறகு அளக்கப்பட்டவை என்றார் முதலாமவர். செனட்டர் ஒருவர் நேர்மை பற்றிப் பேசினார். இரவு நேரச் சிரிப்பு நிகழ்ச்சியில் ஒருவன் மீசை ஒட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, 'எனக்குச் சர்க்கரை வியாதி சார்' என்றான்.

ஆனந்தராஜாவுக்கு, குளிர்தான் என்ற பேராசிரியரின் பேச்சைக் கேட்டபோது மட்டும் சற்று மூச்சு வந்தது. இதோ ஒரு படித்த மனிதன் சொல்கிறான், இனி விளங்கிவிடும் என்று நினைத்தார். ஆனால் குளிர் என்று சொன்னவர்கள் எல்லோரும் ஹாரியர்ஸ் ரசிகர்கள், ஊசி என்று சொன்னவர்கள் எல்லோரும் மற்றவர்கள். அது மட்டுமல்ல. குளிர் என்று கத்திய ரசிகர்களே அவருடைய முகத்தை அச்சடித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கையில் ஊசி, கீழே 'எங்கள் புனிதர் ஆண்டி'.

ஒரு சனிக்கிழமை ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில் மரக்கறி வாங்கப் போனவரை ஜம்புநாதன் பிடித்துக்கொண்டார். இவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மேல் தளத்தில் இருக்கிறவர். மாம்பலத்துக்காரர், ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். பதினைந்து வருஷப் பழக்கம்.

"ராஜா சார், நீங்க ஒண்ணுத்துக்கும் வொர்ரி பண்ணாதீங்க. எல்லா டீமும் பண்றதுதான். மாட்டினது நீங்க, அவ்ளோதான்."

"நான் செய்யேல்லை, ஜம்பு."

"அய்யோ, தெரியும் சார், நீங்க அப்படித்தான் சொல்லணும். லாயர் சொல்லிருப்பான்." குரலைத் தாழ்த்தினார். "என் ஆபீஸ்ல உங்களுக்கு எவ்ளோ சப்போர்ட் தெரியுமா? ஆண்டி என் ஃபிரண்டுன்னு சொன்னேன், லஞ்ச் வாங்கிக் குடுத்தானுங்க."

"உண்மையாவே செய்யேல்லை."

ஜம்புநாதன் அவர் தோளில் தட்டினார். "டீமுக்காகப் பழியைத் தாங்கறீங்க பாருங்க, அதான் சார் பெரிய மனசு."

கத்தரிக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்த ஆனந்தராஜாவுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. தன்னை வெறுக்கிறவர்களுக்கும் தன்னைக் கொண்டாடுகிறவர்களுக்கும் நடுவே, தன்னை நம்புகிறவன் ஒருவன்கூட இல்லை.

ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ரெட்மண்ட். ஹாரியர்ஸின் பந்தை எறிகிற தலைமை ஆட்டக்காரன், கோடிக்கணக்கான டாலர் வாங்குகிறவன். பத்து வருஷமாக ஆட்டத்துக்கு முன் அவனுடைய கையுறையை ஆனந்தராஜாதான் எடுத்துக் கொடுப்பார். மகள் மதுஷாவின் கல்யாணத்துக்கு அவன் கையெழுத்துப் போட்ட ஹெல்மெட் அனுப்பியிருந்தான். பந்தில் காற்றைக் குறைக்கும்படி அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் அதைச் சொன்னாலே போதும்.

ரெட்மண்ட் நிருபர்களைச் சந்தித்த நாளன்று ஆனந்தராஜாவும் மேர்சியும் சோஃபாவில் அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள்.

"நான் யாரிடமும் எதையும் செய்யச் சொல்லவில்லை" என்றான் ரெட்மண்ட். "ஆண்டி ஓர் அருமையான மனிதர். எங்கள் அணிமீது அவருக்கு உயிர். அந்த அறைக்குள் என்ன நடந்திருந்தாலும், அன்பினால் செய்திருப்பார். நான் அவரை மன்னித்துவிட்டேன்."

நிருபர்களில் சிலர் கைதட்டினார்கள். மேர்சி ரிமோட்டை எடுத்து டி.வி.யை நிறுத்தினாள். ஆனந்தராஜா கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை அறிக்கை வசந்த காலத்தில் வந்தது. காற்று இறக்கப்பட்டதற்கு நேரடிச் சாட்சி இல்லை என்று அதில் இருந்தது. அடுத்த வரியில், பந்துகளைத் தனியாக வைத்திருந்த ஊழியர் தந்த இரண்டு விளக்கங்களும் நம்பத்தக்கவை அல்ல என்று இருந்தது. லீக் அணிக்கு அபராதம் போட்டது. ரெட்மண்டை நாலு ஆட்டத்துக்கு நிறுத்தியது. அவன் கோர்ட்டுக்குப் போனான், இரண்டாகக் குறைந்தது. அந்த வருஷமே திரும்பி வந்து கோப்பையும் வாங்கினான். ஆனந்தராஜாவை டானலி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

டானலி நல்ல மனிதர்தான். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஆண்டி, யாராவது ஒருவர் போக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். இரு தரப்பும் சம்மதித்துப் பிரிகிறோம் என்றுதான் வெளியே சொல்வோம். குற்றம் என்ற சொல்லே வராது."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டானலி?" என்று கேட்டார் ஆனந்தராஜா.

டானலி ஜன்னலைப் பார்த்தார். "அது இப்போது முக்கியமா?" என்றார்.

இதைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வக்கீல் வைத்து எதிர்க்கலாம் என்று மேர்சி சொல்லிப்பார்த்தாள். ஒரு வக்கீலிடம் போகவும் செய்தார்கள். அவர் கேட்டுவிட்டு, இரண்டு விதமாக மாற்றிச் சொன்ன மனிதரை நீதிபதி முன்னால் நிறுத்துவது கஷ்டம் என்றார். பிறகு வாசல்வரை வந்து வழியனுப்பி, தன் மகனுக்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வேலை போனபின் வீட்டில் சத்தம் குறைந்தது. மேர்சி எதையோ மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருப்பதை ஆனந்தராஜா கவனித்தார். ஒருநாள் பூசை முடிந்து கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் திரும்பி வரும்போது, ரோட்டைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, என்னட்டையாவது சொல்லுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் வாய் திறக்க மாட்டன்."

"என்னத்தைச் சொல்ல?"

"ஆரும் சொல்லிச் செய்தனீங்களோ? டானலி சொன்னவனோ? அவைக்குப் பயந்து மறைக்கிறியளோ? எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என்னட்டை மறைக்கிறதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

"மேர்சி, நீ ஒரு நர்ஸ். எனக்குச் சீனி இறங்கிறது உனக்குத் தெரியாதே?"

"தெரியும். வீட்டிலை இறங்கினதைக் கண்டிருக்கிறன். அண்டைக்கு இறங்கினதை நான் காணேல்லையே."

அவள் பேசியதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு உலகத்தில் அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவருடைய வார்த்தையோ செல்லாத காசாகிவிட்டது, வீட்டுக்குள்ளும் செல்லவில்லை.

மறு வருஷம் டெக்ஸஸுக்கு மாறினார்கள். மதுஷா பிளானோவில் இருந்தாள், லெகஸி பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மேர்சிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஆனந்தராஜாவுக்கு இந்தியச் சாமான் கடையொன்றில் அரிசி மூட்டை அடுக்குகிற வேலை. அங்கே அவர் வெறும் அங்கிள். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அது ஒரு சுகமாக இருந்தது. ஆனால் மகள் அவரைப் பார்க்கிற பார்வையில் எப்போதும் ஒரு பரிவு இருந்தது. நோயாளியைப் பார்க்கிற பரிவு. ஒருநாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"அப்பா, ஐ டோன்ட் கேர் இஃப் யூ டிட் இட். யூ நோ தட், ரைட்?"

"நான் செய்யேல்லை, பிள்ளை."

"ஓகே, அப்பா" என்றாள், மிக மெதுவாக. குழந்தையிடம் பேசுகிற அதே குரல்.

அதற்கடுத்த பிப்ரவரியில் கோப்பைக்கான இறுதி ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, மருமகனோடு வேலை பார்க்கும் ஸ்ரீநிவாஸ் என்பவரின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். திருச்சிக்காரர். பெரிய வீடு, சுவர் அகலத்துக்கு டி.வி., பிரியாணி, சிக்கன் விங்ஸ், ஓடித் திரியும் குழந்தைகள். ஆனந்தராஜா வர மாட்டேன் என்றுதான் சொன்னார். மேர்சி விடவில்லை. எத்தனை நாளுக்கு ஒளிச்சுக்கொண்டிருக்கிறது என்றாள்.

ஆட்டத்தில் ஹாரியர்ஸ் இல்லை. ஆனாலும் இடைவேளையில் பழைய கதைகளைக் காட்டிக்கொண்டு வந்தபோது கேமராப் படம் வந்துவிட்டது. தோளில் பை, நிற்கிற மனிதர், மூடுகிற கதவு. யாரோ திரையைப் பார்த்தார்கள், பிறகு சோஃபாவின் மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள்.

"அங்கிள்! இது நீங்களா? மதுஷா, உங்க அப்பாவா ஊசி ஆண்டி?" ஸ்ரீநிவாஸ் துள்ளி எழுந்துவிட்டார். "என் வீட்டுல ஒரு லெஜெண்ட் உக்காந்து பிரியாணி சாப்டுட்டு இருக்காரு, எனக்குத் தெரியாம போச்சே!"

கூட்டம் சேர்ந்தது. நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். டி.வி.யின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"அங்கிள், இப்ப சொல்லுங்க. யாரும் ரெக்கார்ட் பண்ணல, சத்தியமா. எப்படிப் பண்ணீங்க?"

சுற்றிலும் பத்திருபது முகங்கள். ஒன்றிலும் கோபம் இல்லை, பகை இல்லை. எல்லாவற்றிலும் ஆசைதான் இருந்தது. கதவருகே மதுஷா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மேர்சி தலையைக் குனிந்திருந்தாள். இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கண்ணைச் சிமிட்டுவார்கள், தோளில் தட்டுவார்கள், ஓகே அங்கிள் என்பார்கள். மேர்சி காரில் பேசாமல் வருவாள். நாளைக்கும் அப்படி, சாகிறவரைக்கும் அப்படி.

"ஓம்" என்றார். "நான்தான் செய்தனான்."

கூரை அதிர்கிற மாதிரி ஆரவாரம்.

எப்படி என்று கேட்டார்கள். டி.வி.யில் குத்திக் காட்டியவர்கள் செய்ததை அப்படியே எடுத்துச் சொன்னார். ஊசியை வாயால் ஈரப்படுத்தினதாகச் சொன்னார். பந்தைக் காதருகே வைத்துக் காற்றுப் போகிற சத்தத்தைக் கேட்டு அளவு பிடித்ததாகச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை தானாக வளர்ந்தது. உண்மை ஒருநாளும் இவ்வளவு சுலபமாக அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவர்கள் சிரித்தார்கள், இன்னும் கேட்டார்கள், அவரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதுஷா வந்து ஒரு கையால் அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"தாங்க் யூ, அப்பா. ஐ ஆம் சோ ப்ரவுட் ஆஃப் யூ" என்றாள். ஒப்புக்கொண்டதற்காக.

திரும்பி வருகிற வழியில் மேர்சி காரை ஓட்டினாள். டோல்வேயில் ஏறியபின் இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையை அவர் கைமேல் வைத்தாள்.

"இதை அண்டைக்கே என்னட்டைச் சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் குற்றம் இல்லை. "எவ்வளவு நாள் தனியச் சுமந்தனீங்கள், பாவம்."

மேர்சி, அது பொய், நான் சும்மா சொன்னனான் என்று அவர் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தக் கை எடுபட்டுவிடும். எடுபட்டாலும் நம்பப் போவதில்லை; மூன்றாவது தரமும் மாற்றிச் சொல்கிறார் என்றுதான் ஆகும். அவர் வெளியே பார்த்தார். விளக்குப் போட்ட கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஓம்" என்றார்.

மறுநாள் காலை அவர் எழும்பி வந்தபோது மேர்சி அடுக்களையில் டொரொன்டோவில் இருக்கிற தன் தங்கையோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். பல மாதமாகக் கேட்காத கலகலப்பு அவள் குரலில்.

"ஓமடி, வாயாலை சொல்லிப்போட்டார். எனக்கு முதலே தெரியும் எண்டு வையேன்... இல்லையில்லை, இப்ப ஆள் நல்லாயிருக்கிறார். மனப்பாரம் இறங்கினதாலை இரவு நல்ல நித்திரை."

அவர் வாசலிலேயே நின்றார். இரவு முழுக்க அவர் கண்ணை மூடவில்லை. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்து, தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கு, ஆறப்போகுது, குடியுங்கோ என்று சைகை காட்டினாள். ஆனந்தராஜா மேஜையில் உட்கார்ந்து குடித்தார். கடைக்கு அரிசி லொறி வருகிற நாள் அது. நேரத்தோடு போக வேண்டும். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.